வெள்ளவத்தையில் ஆறு நாள்: கோச்சியும் மாமி வீட்டு வெடிப்பும்

முதல் நாள், வியாழன்

யாழ்ப்பாணத்தில் காலையில் ஏறி, கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கும்போது பின்னேரமாகிவிட்டது. அங்கேயே மேடை மாறி, கரையோரப் பாதையில் போகிற அலுவலக நேரத்து ரயிலில் (எங்கள் பேச்சில் கோச்சி) நெரிசலுக்குள் நின்றபடி வெள்ளவத்தை வந்து சேர்ந்தேன். கொள்ளுப்பிட்டி தாண்டினால் வலப்பக்கம் முழுக்கக் கடல்தான். அலைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் கருங்கல் அடுக்கு மட்டும் இருக்கிறது, பெரிய அலை வந்தால் யன்னலோரம் நிற்பவர்களின் முகத்தில் உப்புத்தூவல் படும். இந்தப் பாதை 1895இலேயே மாத்தறை வரை போய்விட்டது. அன்றிலிருந்து இந்த உப்புக் காற்றுக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

எதற்காக வந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரயில் போகும்போது வருகிற அதிர்வை வைத்துக்கொண்டு ஒரு கட்டடமோ பாலமோ சேதப்பட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் என் முதுமாணி ஆய்வு. இரண்டு வருடமாகத் தாளில் படித்ததைக் கையால் அளந்து பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. எங்கள் ஊரில் ஒரு ரயிலை அளந்துவிட்டு அடுத்ததற்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெள்ளவத்தையில் அந்தக் கவலை இல்லை, அதோடு மாமி வீடும் இருக்கிறது.

மாமி வீடு மரைன் டிரைவை ஒட்டிய ஒழுங்கையில் ஒரு தொடர்மாடியின் இரண்டாம் மாடி. தண்டவாளம், வீதி, பிறகு வீடு, நடுவில் ஏறத்தாழ 25 மீற்றர் இருக்கும். இரவு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு ரயில் போனது. கண்ணாடி அலுமாரிக்குள் தேநீர்க் கோப்பைகள் கிணுகிணு என்றன. மாமி சாப்பாட்டுக் கையை அப்படியே நிறுத்தி, மற்றக் கையால் கூரையைக் காட்டினார்.

"பாத்தியா தம்பி? முப்பது வருசமா இப்பிடித்தான். உந்தக் கோச்சிதான் என்ர வீட்டை வெடிக்க வச்சது."

இரண்டு இடத்தில் வெடிப்பு. ஒன்று கடல் பக்க பல்கணிக்கு மேலே இருக்கிற வளையின், அதாவது கொங்கிறீற் உத்திரத்தின், அடிப்பாகத்தில், நீளவாக்கில். மற்றது படுக்கையறை யன்னல் மூலையிலிருந்து சரிவாக மேலே ஏறுகிறது. இரண்டையும் மாமா இருக்கும்போதே இரண்டு தரம் பூசி வர்ணம் அடித்தார்களாம், வளையில் இருப்பது மட்டும் அதே கோட்டில் திரும்ப வந்துவிட்டதாம்.

நாளைக்கு அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். மாமிக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இரண்டாம் நாள், வெள்ளி

அளக்கிற கருவி ஜியோபோன். தேசிக்காய் அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு காந்தமும், சுருள்வில்லில் தொங்கும் ஒரு கம்பிச் சுருளும். தரை ஆடும்போது கூடும் காந்தமும் சேர்ந்து ஆடும், சுருள் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அந்த வித்தியாசத்தில் மின்னழுத்தம் பிறக்கும். தரை எவ்வளவு வேகமாக ஆடுகிறதோ அதே அளவுக்கு மின்னழுத்தம். அதனால்தான் இந்தத் துறையில் அதிர்வை மில்லிமீற்றர் கணக்கில் சொல்லாமல் 'செக்கனுக்கு இத்தனை மில்லிமீற்றர்' என்று வேகமாகச் சொல்கிறார்கள்.

காலை 6 மணிக்கே ஒன்றைத் தரைத்தளத்தில் தூணின் அடியிலும் இன்னொன்றை மாமி வீட்டு வரவேற்பறையின் நடுவிலும் வைத்தேன். கைபேசியில் ஃபைஃபாக்ஸ் செயலியையும் ஓடவிட்டு அதையும் தரையில் வைத்தேன். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்த இலவசச் செயலி இது, பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் பாவிக்கலாம். 20 ஹெர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 20 தடவை, செக்கனுக்கு 0.3 மில்லிமீற்றர் வேகத்தில் ஆடுகிற தரைக்கு முடுக்கம் செக்கனின் வர்க்கத்துக்கு 0.04 மீற்றர் அளவில்தான் வரும், கைபேசியின் சொந்த இரைச்சலும் ஏறக்குறைய அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் கைபேசி 'ஏதோ போனது' என்று சொல்லும், எவ்வளவு என்று உறுதியாகச் சொல்லாது.

ரயில் அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. பாரம் மட்டும் காரணம் இல்லை. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகிற ரயில் செக்கனுக்கு 11 மீற்றர் போகிறது. சிலிப்பர் கட்டைகள் 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் இருந்தால் ஒரு சக்கரம் செக்கனுக்கு 18 அல்லது 19 கட்டைகளைத் தாண்டும், ஒவ்வொரு கட்டையிலும் தாங்குதல் கொஞ்சம் கூடிக் குறையும். இரண்டு அச்சுகளுக்கு இடையே இரண்டரை மீற்றர் என்றால் அது செக்கனுக்கு நாலரைத் தடவை. இவற்றோடு தண்டவாள இணைப்புகளின் தட்டல், பிரேக் பிடித்துத் தேய்ந்து ஓரிடம் தட்டையாகிப்போன சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் விடுகிற அடி. எல்லாம் சேர்ந்து சரளைக்கல்லுக்குள் இறங்கி, மணலுக்குள் போய், நிலத்தின் மேற்பரப்பை ஒட்டியே அலையாகப் பரவி, தூணில் ஏறி, மாமியின் கோப்பையில் முடிகிறது. கோப்பை ஏன் அவ்வளவு சத்தம் போடுகிறது என்றால், அலுமாரித் தட்டின் கண்ணாடி மெல்லியது, அது தன் இயல்பான அதிர்வெண்ணில் துள்ளுகிறது. அலுமாரி பெரிதாக்கிக் காட்டுகிறதே தவிர, வீடு அப்படி ஆடவில்லை.

ஜெர்மனியின் டி.ஐ.என் 4150 தரக்குறிப்பின்படி, சாதாரண குடியிருப்புக் கட்டடத்தின் அத்திவாரத்தில் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே செக்கனுக்கு 5 மில்லிமீற்றர் வரை ஆடினால் சேதம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. பழைய, பாதுகாக்க வேண்டிய கட்டடங்களுக்கு 3. பிரித்தானியத் தரக்குறிப்பு இன்னும் தாராளம், 15இலிருந்துதான் தொடங்குகிறது. மனித உடம்போ வீட்டில் அமைதியாக இருக்கும்போது 0.3ஐயே உணர்ந்துவிடும், சிலருக்கு 0.14 போதும். அதாவது உள்ளங்காலில் கூச்சம் தெரிகிற அளவுக்கும் சுவர் வெடிக்கிற அளவுக்கும் நடுவில் பத்து மடங்குக்கு மேல் இடைவெளி. உணர்கிறோம் என்பதற்காக உடைகிறது என்று ஆகாது. இதை மாமிக்கு எப்படிச் சொல்வது என்றுதான் நாள் முழுக்க யோசித்தேன்.

அன்று அளந்ததில் தூணடியில் எந்த ரயிலும் 0.5ஐத் தொடவில்லை. பகல் 11 மணி கழிந்து திரையில் ஒரு பெரிய முள் எழும்பியது, அந்த நேரம் ரயில் எதுவும் இல்லை. கடல்காற்றில் பல்கணிக் கதவு அடித்துச் சாத்திய அடி அது. வரவேற்பறைத் தரையில் அந்த நாளின் மிகப்பெரிய அதிர்வு அதுதான். மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முள்ளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப வளையில வெடிச்சது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த எல்லைகள் எல்லாம் அதிர்வு நேராகச் சுவரை உடைப்பதைப் பற்றியவை. அத்திவாரத்துக்குக் கீழே இளகிய மணல் இருந்தால் சின்ன அதிர்வே வருடக்கணக்கில் அதைக் குலுக்கிக் குலுக்கி இறுக்கிவிடும், நாழியில் அரிசியைக் குலுக்கினால் மட்டம் இறங்குவதுபோல. மணல் ஓரிடத்தில் மட்டும் இறங்கினால் யன்னல் மூலையில் சரிவான வெடிப்பு வரலாம். அதனால் ரயிலுக்கு முழு விடுதலை கொடுக்க என்னால் முடியாது.

மூன்றாம் நாள், சனி

விடிய முதலே மழை. வெளியே எதையும் வைக்க முடியவில்லை.

எதிர் வீட்டில் ஒரு பெடியன் மிருதங்கம் பழகுகிறான். சனிக்கிழமை மாஸ்டர் வருவார். கதவைத் திறந்து வைத்துத்தான் வகுப்பு, நான் கோப்போடு வாசலில் உட்கார்ந்து கேட்டேன். தொடங்குவதற்கு முன் கால் மணி நேரம் சுருதி சேர்ப்பதிலேயே போனது. மழை ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிட்டது. மாஸ்டர் கல்லை எடுத்து விளிம்பைச் சுற்றித் தட்டித் தட்டி வாரை இறுக்கி ஏற்றினார். "தோல் பழுதாப்போச்சோ சேர்?" என்று பெடியன் கேட்க, "இல்லையடா, மழை. வெயில் வந்தா தானா ஏறும். பழுதெண்டா வெயில் வந்தாலும் ஏறாது," என்றார்.

நான் பேனையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். என் துறை முப்பது வருடமாக மல்லுக்கட்டுகிற விஷயத்தை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

விளக்குகிறேன். எந்தக் கட்டடத்துக்கும் பாலத்துக்கும் சொந்தச் சுருதி உண்டு, இயல்பு அதிர்வெண் என்போம். விறைப்பு குறைந்தால் சுருதி இறங்கும். ஆனால் அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தைத்தான் பின்பற்றும், ஆகவே விறைப்பு 10 சதவீதம் போனாலும் அதிர்வெண் 5 சதவீதம்தான் இறங்கும். 10 சதவீதம் என்பது ஒரு பாலத்துக்குச் சின்ன விஷயமே இல்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் அலமோசா கன்யன் பாலத்தில் அளந்து பார்த்தபோது, ஒரு பழுதும் இல்லாமலே முதல் அதிர்வெண் 24 மணி நேரத்துக்குள் 5 சதவீதம் அளவுக்கு ஏறி இறங்கியது. வெயிலும் நிழலும் செய்த வேலை. ஒரு நாளைய வெயில் செய்கிற மாற்றமும் கடுமையான சேதம் செய்கிற மாற்றமும் ஒரே அளவு என்றால், ஒரு தடவை அளந்துவிட்டு என்ன சொல்ல முடியும்?

சுவிற்சர்லாந்தில் இடிக்கப்போகிற இசட் 24 என்ற பாலத்தை அதற்காகவே ஏறத்தாழ ஒரு வருடம் விடாமல் அளந்தார்கள். 1998இல் இடிப்பதற்கு முன் வேண்டுமென்றே படிப்படியாகச் சேதப்படுத்தியும் பார்த்தார்கள். குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே போனதும் மேலே போட்ட தார் உறைந்து இறுகி, பாலத்தின் அதிர்வெண் சட்டென்று ஏறிவிட்டது. அந்த ஏற்ற இறக்கத்தை முதலில் தெரிந்துகொண்டு கழித்த பிறகுதான் சேதம் தெளிவாகத் தெரிந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க இந்தத் துறைப் பிள்ளைகள் அந்தப் பாலத்தின் தரவை எடுத்துத்தான் கணக்குப் பழகுகிறார்கள், நானும் அதில்தான் பழகினேன். மழை நாளில் மிருதங்கம் எவ்வளவு இறங்கும் என்று மாஸ்டருக்குத் தெரியும், அதனால்தான் தோல் பழுது என்று அவர் பதறவில்லை. எங்கள் நாட்டுப் பாலங்களுக்கும் அப்படி ஒரு வருடம் பக்கத்திலிருந்து கேட்கிற ஆள் வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை இருக்கிறது.

நான்காம் நாள், ஞாயிறு

படிக்கிற காலத்து நண்பர் ஒருவர் கட்டுபெத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்தார். கொங்கிறீற் பழுதுபார்ப்பதுதான் அவருக்குத் தொழில். என் வரைபடங்களை ஒரு நிமிடம் பார்த்தார், அப்புறம் பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு கதிரையில் ஏறினார்.

வளையின் ஒரு முனையிலிருந்து அரை அடிக்கு ஒரு தட்டு. டங், டங், டங். நடுப்பகுதிக்கு வந்ததும் டொக். மறுபடியும் டொக். அந்த இடங்களைச் சோக்கால் வட்டமிட்டார். கிட்டப்போய்ப் பார்த்தபோது வெடிப்பின் ஓரத்தில் தேநீர்க் கறைபோல மண்ணிறக் கோடு. வெடிப்பு உள்ளே கம்பி போகிற அதே கோட்டில் நேராகப் போகிறது. உளியால் லேசாக நெம்பியதும் உள்ளங்கை அளவில் ஒரு சில்லு கழன்று என் கையில் விழுந்தது. அதன் உட்பக்கத்தில் கம்பியின் முறுக்கு அப்படியே அச்சாக, துருச் சிவப்பில் பதிந்திருந்தது.

காரணம் கடல். நல்ல கொங்கிறீற்றின் காரத்தன்மை கம்பிக்கு மேலே ஒரு காப்புப் படலத்தை வைத்திருக்கும். உப்புக் காற்றில் வருகிற குளோரைட் வருடக்கணக்கில் மெதுவாக உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைக்கும். இரும்பு துருவாகும்போது தான் இருந்த இடத்தைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். மேலே மூடியிருக்கிற கொங்கிறீற்றுக்கு அந்த அழுத்தம் தாங்காது, வெடிக்கும். பூசி வர்ணம் அடித்தால் துரு நிற்காது, அதனால்தான் அதே கோட்டில் திரும்பவும் வந்தது. இளகியதை எல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைச் சுற்றிவரத் துருப்போகச் சுத்தம் செய்து, காப்புப் பூச்சு பூசி, அதற்கென்று இருக்கிற சாந்தால் நிரப்ப வேண்டும், கம்பி மிகவும் மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பியும் வைக்க வேண்டும்.

மாமி அந்தச் சில்லைக் கையில் வாங்கிக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது தெரியாமல் முப்பது வருசமா கோச்சியைத் திட்டிக்கொண்டிருந்தனான்," என்றார். பிறகு, "உவர் இருக்கேக்கை தெரிஞ்சிருந்தா எண்டு நினைக்கிறன்," என்று சுவரில் மாமாவின் படத்தைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

என் கருவிகள் இந்தத் துருவைக் காட்டவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். வளையின் அடியில் மூடு கொங்கிறீற் கழன்றதால் முழுத் தொடர்மாடியின் சுருதி அளக்கக்கூடிய அளவுக்கு மாறாது. டென்மார்க்கில் ஆண்டர்ஸ் ரைட்டர் 1993இல் சேதத்தைக் கண்டுபிடிப்பதை நான்கு படியாகப் பிரித்தார்: சேதம் உண்டா, எங்கே, எவ்வளவு, இனி எத்தனை காலம் தாங்கும். அதிர்வு முதல் படியை நன்றாக ஏறும், இரண்டாவதில் மூச்சு வாங்கும். சுத்தியல் நேரே இரண்டாவது படியில் போய் நிற்கிறது, ஆனால் கதிரை போட்டு எட்டுகிற இடத்தில் மட்டும்தான். ஆற்றுக்கு நடுவில் நிற்கிற பாலத்துக்குக் கதிரை போட முடியாது. அங்கேதான் ரயிலே சுத்தியலாக வேண்டியிருக்கிறது.

யன்னல் மூலை வெடிப்புக்கு நண்பர் பழைய முறையைச் சொன்னார். படச்சட்டத்துக் கண்ணாடியில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, வெடிப்புக்குக் குறுக்கே இரண்டு பக்கமும் சாந்து வைத்து ஒட்டிவிட்டோம். வெடிப்பு இன்னும் அசைந்தால் கண்ணாடி உடையும். பக்கத்தில் பென்சிலால் திகதி போட்டது மாமி.

ஐந்தாம் நாள், திங்கள்

கோட்டைக்கும் மருதானைக்கும் போய் மேடைகளில் கொஞ்சம் அளந்தேன். தரவு பரவாயில்லை, எழுத அவ்வளவு இல்லை.

எழுத வேண்டியது கோட்டை நிலையத்தில் பக்கத்தில் வந்து இருந்த ஒரு பெரியவரைப் பற்றி. எண்பது தாண்டியிருப்பார். சின்ன வயதில் தகப்பனாரோடு இதே நிலையத்தில் தலைமன்னார் ரயில் ஏறி, கப்பலில் தனுஷ்கோடி போய், அங்கிருந்து ரயிலில் மதுரைக்குப் போனவராம். ஒரே பயணச்சீட்டு என்றார். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழி முடிந்தது. "பாம்பன் பாலத்தில கோச்சி ஊர்ந்துதான் போகும், அப்பா சாமி கும்பிடுவார்," என்றார்.

1914இல் திறந்த அந்தப் பாலத்தின் தூக்குப் பகுதி உப்பரிப்பில் பலவீனமாகி, 2022 டிசெம்பரில் அதன் மேல் ரயில் ஓடுவதை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப்பாலம் திறந்தாயிற்று. மாமி வீட்டு வளையைத் தின்ற அதே உப்பு. புதுப்பாலம் வந்த செய்தி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கைபேசியில் படம் காட்டினேன், பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

ஆறாம் நாள், செவ்வாய்

திரும்பும் ரயில். தெமட்டகொடை தாண்டிக் களனி ஆற்றுப் பாலம் வருவதற்கு முன்பே கைபேசியைப் பெட்டியின் தரையில் வைத்துப் பதிவை ஓடவிட்டேன். முன்னால் இருந்த அக்கா, "தம்பி, போன் விழுந்திட்டுது," என்றார். வேண்டுமென்று வைத்ததுதான் அக்கா என்று சொல்லிப் பாலத்தைப் பற்றிச் சொன்னேன். தன் காலைத் தூக்கி இடம் விட்டுத் தந்தார்.

பாலத்தில் ஒரு கருவியும் பூட்டாமல், அதன் மேல் போகிற வண்டியின் அதிர்விலிருந்தே பாலத்தின் அதிர்வெண்ணைப் பிரித்தெடுக்கலாம் என்று தாய்வானில் யாங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 2004இல் காட்டினார்கள். வண்டியின் சொந்த ஆட்டமும் தண்டவாளத்தின் மேடுபள்ளமும் அதை மூடிவிடும், ஒரு தரம் போய் ஒன்றும் கிடைக்காது. ஆனால் ஒரே ரயில் ஒரே பாலத்தை ஒவ்வொரு நாளும் தாண்டுகிறது. வெயிலிலும் மழையிலும் ஒரு வருடம் தாண்டினால் அந்தப் பாலத்தின் சுருதி எப்போது எவ்வளவு ஏறி இறங்கும் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு நாள் வெயில் வந்தும் ஏறவில்லை என்றால், அன்றைக்கே யாராவது சுத்தியலோடு இறங்கிப் பார்க்கலாம்.

என் கைபேசியில் கிடைத்தது சில செக்கன் பதிவு. பாலத்துக்குள் ஏறிய இடத்திலும் இறங்கிய இடத்திலும் கோட்டின் அடர்த்தி மாறுகிறது, நடுவில் இருப்பதைப் பிரிக்க இன்னும் எத்தனையோ தடவை இதே பாதையில் போக வேண்டும். அடுத்த மாதத்துக்கும் சீட்டுப் பதிந்திருக்கிறேன்.

வவுனியா தாண்டும்போது மாமியிடமிருந்து படம் வந்தது. கண்ணாடித் துண்டு, பென்சில் திகதி, பக்கத்தில் புதிதாக ஒரு வரி: 'செவ்வாய், உடையவில்லை, மழை.'